பட்டாளத்திலிருந்து வந்த தேசாதிபதியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

உயர்தரத்தில் வரலாறு எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒப்படை எழுதும் காலம் வந்தால் எங்கள் வீட்டு விறாந்தையில் செருப்புகள் கூடிவிடும். நான் திருகோணமலையில் வரலாறு படிப்பிக்கிறவள், வீடு உவர்மலையில். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தலைப்பு ஒன்றுதான்: இலங்கையை ஆண்ட ஒரு பிரித்தானியத் தேசாதிபதி. கையில் இணையத்தில் எடுத்த இரண்டு பக்கம் இருக்கும். பிறந்தார், படையில் சேர்ந்தார், இலங்கைக்கு வந்தார், இன்னதைச் செய்தார், போனார், இறந்தார். படையில் சேர்ந்ததற்கும் இலங்கைக்கு வந்ததற்கும் நடுவே முப்பது நாற்பது வருஷம் காணாமற் போயிருக்கும்.

அந்தக் காணாமற் போன வருஷங்களைத் தேடுவதுதான் வேலை. பட்டாளத்து மனிதர் ஒருவர் தேசாதிபதிக் கதிரையில் இருந்துகொண்டு எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் முந்திய உத்தியோகத்தில் கை பழகியவை. ஆகவே ஒப்படையில் பாதியாவது அவர் இங்கே வந்து இறங்குவதற்கு முந்திய கதையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொன்னதையே சொல்லித் தொண்டை வற்றுவதால் இப்போது எழுதியே வைக்கிறேன்.

முதலில் ஆளைத் தெரிவுசெய்யுங்கள். தேசாதிபதிகள் எல்லோரும் படைக்காரர் இல்லை. முதல் ஆளான பிரெட்றிக் நோர்த், பிரதமராக இருந்த நோர்த் பிரபுவின் மகன். வில்மட் ஹோர்ட்டனும் வில்லியம் கிறெகரியும் நாடாளுமன்றத்திலிருந்து வந்தவர்கள். படையிலிருந்து வந்தவர்கள் என்றால் தோமஸ் மெயிற்லண்ட், ரொபர்ட் பிரவுன்றிக், எட்வேர்ட் பஜற், எட்வேர்ட் பார்ன்ஸ், கொலின் கம்பல், பிந்திய காலத்தில் வெஸ்ற் றிஜ்வே, ஹென்றி மக்கலம், வில்லியம் மனிங். பஜற் போர்த்துக்கலில் 1809இல் வலது கையை இழந்தவர்; சுவையான ஆள், ஆனால் 1822இல் சில மாதம்தான் இங்கே இருந்தார், ஒப்படைக்குக் காணாது. பார்ன்ஸ் வோட்டர்லூவில் காயம்பட்டவர். கொழும்பு கண்டி வீதியால் அவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஆர்வமுள்ள பிள்ளை மெயிற்லண்டை எடுக்கலாம். தேசவழமைக்குப் பிரித்தானியச் சட்டத்தில் இடம் கிடைத்த 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணம் அவர் காலத்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பு அதே மெயிற்லண்ட் கரீபியன் தீவான சான் டொமிங்கோவில் அடிமை எழுச்சியின் தலைவரான துசேன் லூவெர்த்தூருடன் பேசித் தீர்த்துப் பிரித்தானியப் படையை விலக்கிக்கொண்டவர். உள்ளூர் ஆட்களோடு பேசி முடிக்கும் பழக்கம் எங்கே வந்தது என்று அந்தப் பிள்ளை யோசிக்கலாம்.

நான் இங்கே பிரவுன்றிக்கை வைத்துச் செய்து காட்டுகிறேன். கண்டி இராச்சியம் அவர் கையில்தான் விழுந்தது. திருகோணமலைப் பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு: அவருடைய கதையைக் கொழும்புக்குப் போகாமலே, நம் கோட்டை வாசலிலிருந்து தொடங்கலாம்.

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெட்றிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறோம். வாசல் கல்லில் உள்ள இரட்டை மீனையும் குளக்கோட்டன் வாசகத்தையும் எல்லோருக்கும் தெரியும். கோட்டைக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பிள்ளை, "நோர்த் தேசாதிபதியின் பெயர்தானே மிஸ், அவரும் பிரெட்றிக்" என்று சொல்லும். பிழை. 1803இல் கோட்டைக்குச் சூட்டிய பெயர் யோர்க் கோமகன் பிரெட்றிக்கினது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் இரண்டாவது மகன், பிரித்தானியத் தரைப்படையின் தளபதி. சரி, அந்தக் கோமகனின் மேசையில் வந்து குவிந்த கடிதங்களை 1795 தொடக்கம் 1803 வரை பார்த்துக்கொண்ட இராணுவச் செயலாளர் யார்? ரொபர்ட் பிரவுன்றிக். பிற்காலத்தில் தான் ஆளப்போகும் தீவில் தன்னுடைய எஜமானின் பெயரில் ஒரு கோட்டை அவருக்கு முந்தியே வந்துவிட்டது. உங்கள் ஒப்படையின் முதற் பந்தி இதுவாக இருக்கட்டும். பரிசோதகர் எத்தனை "1759இல் அயர்லாந்தில் பிறந்தார்" வாசித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

கோட்டைக்குள் இப்போதும் இராணுவம் இருக்கிறது. கோயில் பாதையில் போகத் தடையில்லை. ஆனால் பாதையை விட்டு விலகிப் படம் எடுப்பதென்றால் காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். பாடசாலைக் கடிதத்தோடு போவது நல்லது.

அடுத்தது அட்டவணை. இதைச் செய்யாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். கொப்பியை அகலவாக்கில் திருப்பி ஐந்து நிரல் போடுங்கள்: வருஷம், படைத்தரம், உத்தியோகம், இடம், அவருக்கு மேலே இருந்தவர். படைத்தரத்தையும் உத்தியோகத்தையும் பிரித்து வைப்பதில்தான் சூட்சுமம். லெப்டினன்ட் ஜெனரல் என்பது தரம். குவாட்டர்மாஸ்டர் ஜெனரல் என்பது உத்தியோகம். இரண்டிலும் ஜெனரல் வருவதால் பிள்ளைகள் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். பிரவுன்றிக்குக்கு இப்படி வரும்: 1775இல் 14வது காலாட்படையில் என்சைன், அதாவது அதிகாரிகளில் ஆகக் கீழ்ப்படி. 1790களின் நடுவில் பிளாண்டர்ஸ் போரில் யோர்க் கோமகனோடு. 1795இல் அவருடைய இராணுவச் செயலாளர். 1799இல் அவரோடு ஒல்லாந்துப் படையெடுப்பு. 1803இல் குவாட்டர்மாஸ்டர் ஜெனரல். 1805இல் 9வது காலாட்படையின் கேணல். 1808இல் லெப்டினன்ட் ஜெனரல். 1809இல் வால்கெரன் தீவு. 1812இல் இலங்கை.

இதில் 1805ஐப் பார்த்து "அந்த வருஷம் அவர் 9வது படைப்பிரிவை நடத்தினார்" என்று எழுதினால் புள்ளி போகும். ரெஜிமென்டின் கேணல் பதவி அந்தக் காலத்தில் மூத்த ஜெனரல்களுக்குக் கொடுத்த கௌரவமும் வருமானமும். களத்தில் படையை நடத்தியது லெப்டினன்ட் கேணல்தான். பிரவுன்றிக் இலங்கையில் இருந்த காலம் முழுவதும், இறக்கும் வரையும்கூட, 9வதின் கேணலாகவே இருந்தார். அந்தப் படைப்பிரிவு எங்கேயோ, அவர் எங்கேயோ. அதேபோல 1871 வரை காலாட்படையிலும் குதிரைப்படையிலும் லெப்டினன்ட் கேணல் வரையான பதவிகளைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒருவர் வேகமாக மேலே போனார் என்றால் திறமை என்று உடனே எழுதாமல், வாங்கியதா, வெற்றிடத்துக்குக் கிடைத்ததா என்று பாருங்கள்.

எங்கே பார்ப்பது? லண்டன் கெசட். 1665இலிருந்து வெளிவருவது, பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். படை நியமனங்கள் எல்லாம் போர் அலுவலகம் என்ற தலைப்பின் கீழ் வரும்: யார், எந்தத் தரத்துக்கு, யாருக்குப் பதிலாக, விலைக்கா விலையில்லாமலா. கணினி பழைய அச்சைத் தப்புத் தப்பாக வாசிப்பதால், பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பிரவுன்றிக்கின் ஆங்கில எழுத்தில் கடைசி எழுத்தை ஒன்றாகவும் இரண்டாகவும் போட்டுப் பாருங்கள். அப்புறம் ரெஜிமென்ட் இலக்கத்தையும் வருஷத்தையும் கொடுத்துத் தேடுங்கள். இரண்டாவது, வருஷாந்தப் படைப் பட்டியல்கள். பழையவை பல படமாக்கி இணையத்தில் கிடக்கின்றன. மூன்றாவது, இலங்கை அரச வர்த்தமானி. 1802இல் தொடங்கியது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். அடையாள அட்டை கொண்டு போங்கள், பேனையை விட்டுப் பென்சில் கொண்டு போங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசியச் சுவடிக்கூடத்தில் இலங்கைத் தேசாதிபதிகள் எழுதிய கடிதக் கட்டு சி.ஓ. 54 என்ற இலக்கத்தில் இருக்கிறது. அதன் அட்டவணையை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். உயர்தர ஒப்படைக்கு அட்டவணையே போதும்: எந்த மாதத்தில் எதைப் பற்றி எழுதினார் என்று தெரிந்தாலே பெரிய விஷயம். தமிழில் வந்த உள்ளூர் வரலாற்று நூல்களுக்கு நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று திகதி வந்தால் பதற வேண்டாம். தேசாதிபதிகளின் விஷயத்தில் இது எப்போதும் நடக்கும். லண்டனில் நியமித்த திகதி ஒன்று, கப்பலால் இறங்கிப் பதவியேற்ற திகதி ஒன்று. பிரவுன்றிக்குக்கு நியமனம் 1811, வந்து சேர்ந்தது 1812 மார்ச். நடுவில் ஜோன் வில்சன் என்ற படை அதிகாரி பதில் கடமை பார்த்தார். எந்தத் திகதி எதற்கு என்று எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது.

இனி ஒரு பொறி. யோர்க் கோமகன் 1809 மார்ச்சில் தளபதிப் பதவியை விட்டு விலகினார். அவருடைய பழைய சிநேகிதி மேரி ஆன் கிளார்க் காசு வாங்கிக்கொண்டு படைப் பதவிகளுக்குச் சிபாரிசு செய்தாள் என்று நாடாளுமன்றமே நாறிய விவகாரம் அது. 1811 மேயில் கோமகன் மறுபடி தளபதியானார். அதே 1811இல் பிரவுன்றிக்குக்கு இலங்கை கிடைத்தது. பார்த்தவுடனே "எஜமான் திரும்பி வந்தார், பதவியைக் கொடுத்தார்" என்று எழுதக் கை துருதுருக்கும். என் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் விழுவார்கள். தேசாதிபதி நியமனம் தளபதியின் கையில் இல்லை. போருக்கும் குடியேற்றங்களுக்கும் பொறுப்பான ஒரே அமைச்சர் அப்போது இருந்தார், அது அவருடைய பாடு. இரண்டு திகதிகளையும் அடுத்தடுத்து எழுதுங்கள், "இதனால்" என்ற சொல்லைப் போடாதீர்கள். வாசிக்கிறவர் யோசிக்கட்டும்.

வால்கெரனுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். 1809 ஜூலையில் கிட்டத்தட்ட 40,000 படையினரை இங்கிலாந்து ஒல்லாந்தின் அந்தச் சதுப்புத் தீவுக்கு அனுப்பியது. சண்டையில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம். காய்ச்சலில் இறந்தவர்கள் ஏறக்குறைய 4,000. குவாட்டர்மாஸ்டர் ஜெனரல் என்றால் படை எந்தப் பாதையால் போவது, எங்கே முகாமிடுவது, வரைபடம், பாலம், தங்குமிடம் எல்லாவற்றையும் பார்க்கிறவர். அந்தப் படையெடுப்பில் அந்த வேலை பிரவுன்றிக்குடையது. வாளை ஓங்கிக்கொண்டு குதிரையில் பாயும் ஜெனரலை மனத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எழுதினால் பிழைக்கும். அவர் மேசையிலும் வரைபடத்திலும் வளர்ந்த படைக்காரர்.

இப்போது கண்டிக்கு வாருங்கள். அவருக்கு முந்தி 1803இல் நோர்த் அனுப்பிய படையில் ஒரு பிரிவு கொழும்பிலிருந்து மக்டோவலின் கீழும், மற்றது நம்மூரிலிருந்து கேணல் பாபற்றின் கீழும் போனது. கண்டியைப் பிடித்தார்கள். பிடித்தபின் காய்ச்சல் பிடித்தது, பாபற்றும் அதில்தான் செத்தார். எஞ்சிய மேஜர் டேவியின் ஆட்கள் அழிந்தார்கள். அடுத்த வருஷம் கப்டன் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போய், தனியே அகப்பட்டு, காட்டு வழியாகத் திருகோணமலைக்கு வந்து விழுந்தார். 1815இல் பிரவுன்றிக் என்ன செய்தார்? கொழும்பு, காலி, நீர்கொழும்பு, மட்டக்களப்பு, திருகோணமலை என்று பல திசையிலிருந்தும் அணிகளை ஒரே நேரத்தில் நகர்த்தினார். அதற்கு முன்னரே, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஜோன் டொயிலி உளவும் கடிதமுமாகப் பிரதானிகளைப் பிரித்து வைத்திருந்தார். கண்டிப் பிரதானி எகலப்பொல 1814இல் பிரித்தானியர் பக்கம் வந்துவிட்டார். ஜனவரியில் போர்ப் பிரகடனம், பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான், மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. இந்தப் போரில் குவாட்டர்மாஸ்டரின் கை தெரிகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வேறு விதமாக நினைத்தால் காரணத்தோடு எழுதுங்கள், புள்ளி தருவேன்.

கடிதப் போக்குவரத்தையும் கணக்கில் எடுங்கள். சுயெஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முந்திப் பாய்க்கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றிப் போய் லண்டனில் கடிதம் கொடுத்துப் பதில் வாங்கி வருவதற்குள் வருஷம் ஒன்று ஓடிவிடும். லண்டனில் குடியேற்றங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் பாதர்ஸ்ற் பிரபு கடிதத்தைப் பிரிக்கும்போது கண்டியில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஆகவே "லண்டன் உத்தரவிட்டது, தேசாதிபதி செய்தார்" என்ற வாக்கியத்தை எழுதுமுன் இரண்டு கடிதங்களின் திகதியையும் பாருங்கள். பிரவுன்றிக் தேசாதிபதி மட்டுமில்லை, இங்கே படைத் தளபதியும்கூட. தான் கேட்டுத் தானே அனுமதி கொடுக்கும் நிலை.

மறுபக்கம் இல்லாத ஒப்படையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கன் மதுரை நாயக்கர் வழி. பிடிபட்டபின் வேலூருக்குக் கொண்டு போகப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிரதானிகள் சிலரின் பெயர்களில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஒப்பந்தத்தின் படம் கிடைத்தால் பெருப்பித்துப் பாருங்கள். 1817இல் ஊவாவில் கிளர்ச்சி தொடங்கியது. அடக்க அனுப்பிய கண்டிப் பிரதானி கெப்பெற்றிபொலவே கிளர்ச்சிக்காரர் பக்கம் போனார். மேசையில் வளர்ந்த அதே தேசாதிபதிதான் இராணுவச் சட்டத்தையும் கொண்டு வந்தார், சென்னையிலிருந்து படையையும் வரவழைத்தார். ஊர்களும் வயல்களும் எரிந்தன. கெப்பெற்றிபொல 1818 நவம்பர் 26இல் கண்டியில் தலை வெட்டப்பட்டார், மண்டையோடு எடின்பரோவுக்குப் போனது. அந்தத் தலைவர்களைத் துரோகிகள் என்று சொன்ன பிரவுன்றிக்கின் கெசட் அறிவித்தலை இலங்கை அரசு 2016இல்தான் இரத்துச் செய்தது. கிட்டத்தட்ட இருநூறு வருஷம். இதை எழுதும்போது அவரை வில்லனாக்கவும் வேண்டாம், "நிர்வாகத் திறமை மிக்கவர்" என்று பூசி மெழுகவும் வேண்டாம். செய்ததைத் திகதியோடு எழுதினால் அதுவே பேசும்.

கல்லறைகளைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். பிரவுன்றிக் இங்கே இல்லை, 1833இல் பிரித்தானியாவில் இறந்தார். நம்மூரில் பழைய பிரித்தானியக் கல்லறைகளைப் பார்க்க ஆசையென்றால் எஸ்பிளனேட் பக்கத்துக் கல்லறைக்குப் போங்கள். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படை அட்மிரல் அங்கே இருக்கிறார். நிலாவெளி வீதிப் போர்க் கல்லறை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்காரருடையது, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்து அழிந்துபோன கல் என்றால் 1913இல் பென்றி லூயிஸ் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிப் பகுதி, பதவிக்குப் பிறகு அவருக்கு என்ன கிடைத்தது, அவரால் எது எங்கே போனது. இதைப் பிள்ளைகள் எழுதுவதே இல்லை. பிரவுன்றிக்குக்கு 1816இல் பரோனெற் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது. கண்டி அரசனின் முடியையும் செங்கோலையும் கொடியையும் தன் குடும்பச் சின்னத்தில் போட்டுக்கொள்ள அனுமதியும் பெற்றார். கண்டிச் சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் திரும்பி வந்தது.

திரும்பி வராத ஒன்று நம் பக்கத்தது. லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த, பொன் முலாம் பூசிய வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது, தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தினது. ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே கிடைத்தது என்பது பதிவு. அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் பிரவுன்றிக். அவர்களுடைய இணையத்தளத்தில் சிலையின் பக்கத்தைத் திறந்து இலக்கத்தைப் பாருங்கள், 1830 என்று தொடங்கும். அந்த அருங்காட்சியகத்தில் பழைய பொருட்களின் இலக்கமே பொருள் வந்து சேர்ந்த வருஷத்தைச் சொல்லிவிடும். இதை அட்டவணையில் 1830க்கு நேரே எழுதுங்கள். இடம் என்ற நிரலில் கிழக்குக் கரை என்று மட்டும் போடுங்கள். உங்கள் ஊர் மூதூராக இருக்கலாம், சேருவிலவாக இருக்கலாம், வெருகலாக இருக்கலாம். பதிவில் ஊர்ப் பெயர் இல்லாதபோது நீங்களாக ஒன்றை நிரப்ப வேண்டாம்.